தமர் உகந்த வடிவம்: திருவரங்கத்து நினைவுச் சின்னங்கள் பற்றிய ஓர் ஆய்வு

மாய்ந்தோர் நினைவை மண்ணில் நிலைநிறுத்தும் வழக்கம் தமிழர்க்குத் தொன்மையானது. அவ்வழக்கிற்கு இலக்கணம் வகுத்த பெருமை தொல்காப்பியர்க்கு உண்டு. நடுகல்லுக்குரிய கல்லைக் காணுதல், அதனைக் கொள்ளத் தொடங்குதல், நீரில் இட்டுத் தூய்மை செய்தல், நடுதல், சிறப்புப் பல செய்து படைத்தல், வாழ்த்துதல் என்னும் அறுவகைச் செயல்களை அவர் புறத்திணையியலில் எண்ணியுள்ளார். இவ்வாறனையும் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். கல்லிற் பெயரும் வடிவும் பொறிக்கும் சிற்பியின் தொழில் ஆறனுள் ஒன்றாகத் தனிப்பெயர் பெறவில்லை. கல்லைத் தேடுவோர், சுமப்போர், நடுவோர், வாழ்த்துவோர் ஆகியோரின் செயல்களே துறைகளாகப் பெயர் பெற்றுள்ளன.

சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டமும் இம்மரபைத் தழுவியே செல்கின்றது. கண்ணகிக்குக் கல் எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் செங்குட்டுவன் உள்ளத்தில் மட்டும் தோன்றியதன்று. மலைவாழ் மக்கள் செய்தி கொணர்ந்தனர். சாத்தனார் வரலாறு உரைத்தார். அரசி வேண்மாள் வழிபாடு வேண்டும் என்றாள். அதன் பின்னரே மன்னன் அறிஞரை நோக்கினான். பொதியிற் கல்லைக் கொண்டு காவிரியில் நீர்ப்படுத்தலாம், இமயக் கல்லைக் கொண்டு கங்கையில் நீர்ப்படுத்தலாம் என அவர்கள் இரு வழி கூற, மன்னன் ஒன்றைத் தேர்ந்தான். கல் நடப்படுமுன்பே பலர் கருத்தும் அதனுட் கலந்துவிட்டது.

இக்காலத்தில் நினைவுச் சின்னம் எழுப்பக் கருதுவோர் பெரும்பாலும் முதலிற் சிற்பியை நாடுகின்றனர். வடிவம் முடிந்த பின்னரே மக்கள் யாது கூறுவரோ எனக் கவல்கின்றனர். கலைஞன் நோக்கு ஒரு தட்டிலும் மக்கள் கருத்து மறு தட்டிலுமாக வைத்து, எது தாழ்ந்தது, எது உயர்ந்தது என நிறுத்துக் காண்பதே வழக்கமாகிவிட்டது. இத் தராசு உவமை பொருந்துமோ என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வுக்கு யாம் எடுத்துக்கொண்ட களம், காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கம்.

மூன்று திருமேனிகள்

திருவரங்கத்துப் பெரிய கோயிலில் இராமானுசர் சன்னிதி யாவரும் அறிந்தது. மரபு வழியில் அவர் காலம் கி.பி. 1017 முதல் 1137 வரை எனக் கொள்ளப்படும். அவருடைய வடிவங்கள் மூன்றிற்கு வைணவர் மூன்று பெயர் வழங்குகின்றனர். திருப்பெரும்பூதூரில் உள்ளது தான் உகந்த திருமேனி. மேல்கோட்டையாகிய திருநாராயணபுரத்தில் உள்ளது தமர் உகந்த திருமேனி. திருவரங்கத்தில் உள்ளது தானான திருமேனி. பூதூர் வடிவத்தை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டு உகந்தார் என்பதும், மேல்கோட்டையை விட்டு அவர் நீங்குங்கால் பிரிவாற்றாத அடியார்க்காக அங்கு வடிவம் அமைந்தது என்பதும், திருவரங்கத்தில் அவருடைய திருமேனியே எழுந்தருளியுள்ளது என்பதும் மரபு.

இப்பெயர்களைச் சமயச் செய்தியாக மட்டும் கொண்டு விடுத்தல் ஆகாது. நினைவுச் சின்னங்களை வகைப்படுத்தற்கு இவற்றினும் செவ்விய சொற்கள் கிடைத்தல் அரிது. நினைக்கப்படுவோர் தாமே ஏற்ற வடிவம் ஒன்று. அவர்தம் மக்கள் ஏற்ற வடிவம் ஒன்று. நினைவும் நினைக்கப்படுவதும் வேறாகாத வடிவம் ஒன்று. தொல்காப்பியத்திற் போலவே இங்கும் சிற்பி உகந்த திருமேனி என நான்காவதொரு வகை இல்லை. இதனாற் சிற்பிக்கு மதிப்பில்லை என்று கொள்வது பிழை. சிற்பியின் கை திறம்படாவிடின் தமர் உகத்தற்கு அங்கு ஒன்றுமில்லை. ஆனால் அவன் உகப்பு வேலை முடியுந்தோறும் நிறைவெய்துகின்றது. தமர் உகப்போ வேலை முடிந்த பின்னரே தொடங்குகின்றது.

உகத்தல் என்னும் சொல்லையும் ஈண்டு நோக்குதல் தகும். அஃது ஒருநாட் கூடிக் கை உயர்த்தித் தரும் இசைவு அன்று. மகிழ்ந்து ஏற்றுத் தம்முடையதாக்கிக் கொள்ளுதல். திருவரங்கத்துத் தானான திருமேனிக்குப் பச்சைக் கற்பூரமும் குங்குமப் பூவும் கலந்த குழம்பு இன்றும் ஆண்டிற்கு இருமுறை சாத்தப்பெறுகின்றது. ஒருமுறை செய்து விட்டுவிடாது, மீண்டும் மீண்டும் செய்து காக்கும் இம்முறையே உகப்பின் புறவடிவம் என்க. இவ்வளவைக் கொண்டு இக்கோயிலிலுள்ள வேறொரு நினைவுச் சின்னத்தை அணுகுவோம்.

வெள்ளைக் கோபுரம்

நான்காம் திருச்சுற்றின் கீழ்த்திசை வாயிலில், ஆயிரக்கால் மண்டபத்திற்கு அணித்தாக நிற்பது வெள்ளைக் கோபுரம். ஏனைய கோபுரங்கள் பல வண்ணம் பூண்டு விளங்க, இஃது ஒன்று மட்டும் வெண்ணிறத்தோடு நிற்கும். காரணம் வினவுவார்க்குத் திருவரங்கத்தார் கூறும் செய்தி பின்வருமாறு: கி.பி. 1323இல் உலுக்கான் படை திருவரங்கத்தைத் தாக்கியது. அரங்கர் திருமேனியை அடியார்கள் தெற்கு நோக்கி எடுத்துச் சென்றனர். எஞ்சிய கோயிலையும் மறைத்து வைத்த செல்வத்தையும் காக்கும் பொருட்டு, கோயிற் கணிகையருள் ஒருத்தியாகிய வெள்ளையம்மாள், பகைவர் படைத்தலைவனைத் தன் ஆடலால் மயக்கி இக்கோபுரத்தின் மேல் அழைத்துச் சென்று கீழே தள்ளிக் கொன்றாள். தானும் அங்கிருந்தே வீழ்ந்து மாய்ந்தாள். அவள் நினைவாகவே கோபுரம் வெண்மை பூசப்பெற்றது. கணிகையர் இறந்துழி ஈமத்திற்குக் கோயில் மடைப்பள்ளியிலிருந்து நெருப்பு வழங்கும் வழக்கமும் அவளை முன்னிட்டே தோன்றியது என்று அம்மரபு மேலும் கூறும்.

இந்நினைவுச் சின்னத்தின் இயல்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதற்கெனப் புதிய கட்டடம் எழவில்லை. வெள்ளையம்மாளின் உருவம் சிலையாக நாட்டப்படவில்லை. இருந்த ஒன்றன் நிறம் மட்டுமே நினைவாயிற்று. இதனை வடித்த கலைஞன் யாவன் என்று கேட்பின், ஒருவன் பெயரைச் சுட்டுதல் இயலாது. வண்ணம் தீட்ட வேண்டா என்று முடிவு செய்தவர் அனைவரும் இதன் கலைஞரே.

இங்கு ஆராய்ச்சியாளர் ஓர் ஐயம் எழுப்புதல் இயல்பு. செங்கல்லாலும் சுதையாலும் ஆன கோபுரங்களுக்குச் சுண்ணாம்பின் வெண்மை இயற்கை நிறம். ஆதலின் வெண்மை முன்னரும் கதை பின்னரும் தோன்றியிருக்கலாம். கோபுரத்தின் பெயரே கதைத்தலைவிக்குப் பெயராகவும் அமைந்திருக்கலாம். இவ்வையம் புறந்தள்ளத் தக்கதன்று. கோயிலொழுகு என்னும் கோயில் வரலாற்று நூல் வேறொரு நிகழ்ச்சியையும் நினைவூட்டுகின்றது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கோனேரிராசன் என்பான் ஆட்சியில் விளைந்த கொடுமைகளைத் தடுக்க வழியின்றி, கோயிலோடு தொடர்புடைய அடியார் சிலர் கோபுரத்தின் மேலேறி வீழ்ந்து உயிர் துறந்தனர் என்பது அது. திருவரங்கத்தில் கோபுரத்திலிருந்து வீழ்ந்து மாய்தல் அநீதியை எதிர்த்து நின்றோர் கொண்ட இறுதி வழியாகப் பலமுறை பேசப்படுகின்றது. எனவே வெண்மை ஒருத்தியின் சாவை மட்டுமே குறித்ததோ, ஒன்றன் மேல் ஒன்றாகப் பல சாவுகளின் நினைவும் அதன்மேற் படிந்தனவோ என்பது ஆய்வுக்குரியது.

ஆயினும், கதை பின்னர் எழுந்ததாகவே கொண்டாலும் நினைவுச் சின்னத்தின் தகுதி குறைவதில்லை என்பதே எம் கருத்து. வெண்மை தொடக்கத்தில் எக்காரணத்தால் வந்ததாயினும், அது நீங்காமல் நிற்றற்குக் காரணம் மக்களின் நினைவே. ஏனைய கோபுரங்கள் வண்ணம் ஏற்ற காலத்தில் இதற்கும் வண்ணம் தீட்டுதல் எளிதாகவே இருந்திருக்கும். ஒவ்வொரு திருப்பணியிலும் அவ்வெளிய செயல் தவிர்க்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு செப்டம்பர், நவம்பர்த் திங்கள்களில் இரு பகுதியாகக் குடமுழுக்கு நிகழ்ந்தபொழுதும், ஏனைய கோபுரங்கள் புதுவண்ணம் பெற, இது வெண்மையே பெற்றது. 2017இல் யுனெசுகோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுரிமைக் காப்பு விருது இக்கோயிலுக்குக் கிடைத்தமைக்குக் காரணமான திருப்பணியும் இதுவே.

எழுத்தும் எழுதாமையும்

வெள்ளைக் கோபுரத்தோடு ஒப்பிடத் தக்கது கோபணர் கல்வெட்டு. விசயநகரத் தலைவராகிய கோபணர், பல்லாண்டு வெளியே இருந்த அரங்கர் திருமேனியை மீட்டு மீண்டும் திருவரங்கத்தில் எழுந்தருளச் செய்தார். அச்செயல் சகம் 1293, அஃதாவது கி.பி. 1371, என்னும் ஆண்டோடு வடமொழிச் செய்யுளாகக் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டது. அது வெற்றியின் நினைவு. பெயர் உண்டு, ஆண்டு உண்டு, புகழ்ச்சி உண்டு. வெள்ளைக் கோபுரமோ இழப்பின் நினைவு. அங்குப் பெயர் பொறித்த கல் இல்லை. தலைவனுக்கு எழுத்தும் கணிகைக்கு நிறமும் கிடைத்தன.

இவ்வேறுபாட்டில் ஓர் அநீதி உளதோ என்னும் வினா எழும். உளது என்றே சொல்லல் வேண்டும். கணிகையர் கோயிலுக்கு ஆற்றிய பணி பெரிது. வரலாற்றில் அவர்கள் பெற்ற இடம் சிறிது. 1947இல் சென்னை மாகாணத்தில் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அது வேண்டியதொரு சீர்திருத்தம். ஆனால் அவ்வழக்கம் ஒழிந்தபொழுது அக்குலத்தாரைச் சார்ந்து நின்ற நினைவுச் சடங்குகளும் உடன் மறைந்தன. மடைப்பள்ளி நெருப்பு வழங்கப் பெறுவார் இல்லாத இந்நாளில் நிறம் ஒன்றே எஞ்சி நிற்கின்றது. அதன் பொருளைச் சொல்லுவார் இல்லையாயின், நிறமும் வெறும் நிறமாகிவிடும்.

எனவே அங்கு எழுத்துப் பொறித்த கல் ஒன்று அமைக்கலாமே என ஒருவர் கருதின் அது தவறாகாது. எவ்வாறு அமைப்பது என்பதிலேதான் சிக்கல். சிற்பியின் கற்பனைக்கு முழு உரிமை வழங்கின், ஆடும் மங்கையின் சிலை ஒன்று எழும்; அது கோபுரத்தின் வெண்மையைப் பின்தள்ளிவிடும். இவ்வினாவுக்கு விடை காணுமுன், மக்கள் கருத்தும் வடிவமும் மோதிய வேறு சில இடங்களைக் காண்போம்.

முடியாத கோபுரமும் முடித்த கோபுரமும்

திருவரங்கத்தின் தென் எல்லையில் இன்று 236 அடி உயர்ந்து, பதின்மூன்று நிலைகளோடு நிற்கும் இராசகோபுரம், நெடுங்காலம் கல்லாலான அடிப்பகுதி மட்டுமே உடையதாய் இருந்தது. அச்சுதராயர் காலத்தில் (1529-1542) தொடங்கி, அவர் மறைவால் நின்றது என்பது பெரும்பான்மையோர் கருத்து. இராயகோபுரம் என்றும் மொட்டைக் கோபுரம் என்றும் மக்கள் அதனை அழைத்தனர். அது நினைவுச் சின்னமாகக் கருதித் தொடங்கப்பட்டதன்று. எனினும் ஏறத்தாழ நானூறாண்டு முடியாமல் நின்றமையால், ஓர் அரசின் வீழ்ச்சியைக் காட்டும் சின்னமாகத் தானே ஆயிற்று.

1979இல் அகோபில மடத்து நாற்பத்து நான்காம் பட்டம் அழகிய சிங்கர் முயற்சியால் பணி மீண்டும் தொடங்கி, 1987 மார்ச்சு 25ஆம் நாள் குடமுழுக்கு நிகழ்ந்தது. நிலைகள் பல, கொடையாளர் பலரின் பொருளால் எழுந்தன. இசையமைப்பாளர் இளையராசா அவருள் ஒருவர். இங்கு இரு நோக்குகள் எதிர்நிற்கும். தொல்பொருள் நோக்கினர்க்கு முடியாத அடிப்பகுதியே வரலாற்றுச் சான்று. அதன்மேற் புதுக் கட்டடம் எழுப்புதல் சான்றினை மறைப்பதாகும். வழிபடுவோர்க்கோ தொடங்கிய பணி முடியாது நிற்றல் ஒரு குறை. அதனை நிறைத்தல் கடமை. பழைய சிற்பி எண்ணிய அடியின் அளவே புதிய சிற்பியின் உயரத்தை வரையறுத்தது. கலைஞன் நோக்கு நூற்றாண்டுகள் கடந்தும் கட்டளை இடவல்லது என்பதற்கு இதுவே சான்று.

இதற்கு மாறான முடிவு மதுரையில் உளது. திருமலை நாயக்கர் தொடங்கிய இராயகோபுரம் புதுமண்டபத்திற்கு அருகே இன்றும் முடியாமலே நிற்கின்றது. மதுரையார் அதனை முடிக்காது விட்டமையும் திருவரங்கத்தார் முடித்தமையும் ஒன்றையொன்று பொய்ப்பிப்பன அல்ல. ஈரூராரும் தத்தம் ஊரின் கல்லோடு நெடுநாள் வாழ்ந்து கொண்ட முடிவுகள் அவை. திருவரங்கத்திலும் முடிக்க வேண்டும் என்பாரும் உள்ளவாறே விடுக என்பாரும் ஒரே கல்லை மதித்தே பேசினர் என்பதை மறத்தல் கூடாது.

இடமும் சொல்லும்

அதே இராசகோபுரத்திற்கு எதிரே அண்மைக் காலத்தில் ஒரு நினைவுச் சின்னம் பெரும் பூசலுக்கு உரியதாயிற்று. பெரியார் ஈ. வெ. இராமசாமியின் சிலையை அங்கு அமைக்கத் திராவிடர் கழகத்தார் முற்பட்டனர். கோயில் வாயிலுக்கு நேரே கடவுள் மறுப்பாளர் சிலை நிற்றல் தகாது என்றனர் ஒரு சாரார். பொது வழியில் நிற்க எல்லாக் கருத்துக்கும் உரிமை உண்டு என்றனர் மறு சாரார். 2006 திசம்பர் 7ஆம் நாள் சிலை சிதைக்கப்பட்டது. எனினும் சிலை அவ்விடத்திலேயே நிறுவப்பெற்று இன்றும் நிற்கின்றது. பெரியார் சிலைப் பீடங்களிற் பொறிக்கப்படும் கடவுள் மறுப்புத் தொடர்களை எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது.

எக்கட்சி நேர்மையுடையது என்று தீர்ப்புக் கூறுதல் இக்கட்டுரையின் பணியன்று. யாம் நோக்குவது வேறொன்று. இப்பூசலில் சிலையின் வடிவு பற்றி, முகம் பற்றி, கல்லா உலோகமா என்பது பற்றி எவரும் வாதிட்டிலர். வாதம் முழுதும் இடம் பற்றியும் சொல் பற்றியுமே நிகழ்ந்தது. சென்னைக் கடற்கரைக் கண்ணகி சிலையின் வரலாறும் இத்தகையதே. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது நாட்டப்பெற்ற அச்சிலை 2001 திசம்பரில் அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் நிறுவப்பட்டது. அங்கும் சிற்பியின் திறன் வழக்காகவில்லை. கண்ணகி அவ்விடத்தில் நிற்பாளா, நிற்கமாட்டாளா என்பதே வழக்கு. மக்கள் கருத்து என்று நாம் கூறுவது பெரும்பாலும் வடிவத்தைப் பற்றியது அன்று; இடத்தையும் சொல்லையும் பற்றியது. இதனை உணராமையாற் கலைஞர்கள் தமக்குத் தொடர்பில்லாத பூசலுக்குத் தம் கலையைப் பலி கொடுக்கின்றனர்.

கறுப்பும் வெண்மையும்

வடிவத்தையும் நிறத்தையும் பற்றியே பூசல் எழுந்த இடமும் உண்டு. வியட்நாம் போரில் மாய்ந்த அமெரிக்கர்க்கு வாசிங்டன் நகரில் நினைவுச் சின்னம் அமைக்க 1981இல் நடந்த போட்டிக்கு 1,421 படைப்புகள் வந்தன. பெயர் மறைத்து ஆராய்ந்த நடுவர், இருபத்தொரு வயதினராய், மாணவியாய் இருந்த மாயா லின் என்பாரின் படைப்பைத் தேர்ந்தனர். நிலத்துள் இறங்கிச் செல்லும் கருங்கற் சுவர்; அதன்மேல் இறந்தோர் பெயர்கள்; வேறு அணி இல்லை. கறுப்பு நிறம் இழிவைக் குறிக்கும் என்று பலர் எதிர்த்தனர். வெள்ளைக் கல் வேண்டும் என்றும், வீரர் உருவம் வேண்டும் என்றும் கேட்டனர். முடிவில் 1982இல் சுவர் எண்ணியவாறே கறுப்பாக எழுந்தது. படைவீரர் மூவர் உருவம் 1984இல் சுவரிலிருந்து சற்று விலகிய இடத்தில் வைக்கப்பட்டது.

பின்னர் நிகழ்ந்ததே நமக்கு வேண்டுவது. இறந்தோரின் உற்றார் சுவரை நாடி வந்தனர், பெயரைத் தடவினர், கடிதமும் மலரும் அடியில் வைத்தனர். தொடக்கத்தில் எதிர்க்கப்பட்ட வடிவம் தமர் உகந்த வடிவமாயிற்று. மக்கள் கருத்தை முதல் நாளிலேயே அளந்து அதன்வழி நடந்திருப்பின் அச்சுவர் இருந்திராது. அதே வேளையில், உகப்பிற்கு இடம் வைக்காத வடிவமாயின் அது கல்லாகவே நின்றிருக்கும். லின் தம் சுவரில் பெயர்களை மட்டும் வைத்து, துயரத்தை உரைக்கும் பணியை வருவோர்க்கு விட்டார். வெள்ளைக் கோபுரத்தாரும் நிறத்தை மட்டும் வைத்துக் கதையை ஊரார்க்கு விட்டனர். நாடும் காலமும் நிறமும் வேறாயினும் நெறி ஒன்றே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன இவை: கலைஞன் நோக்கும் மக்கள் கருத்தும் ஒரே காலத்தில் ஒரே தராசில் நிறுக்கத் தக்கன அல்ல. அவை செயற்படும் இடங்கள் வேறு; காலங்களும் வேறு. எங்கு நடுவது, என்ன எழுதுவது என்பன ஊரார்க்கு உரியவை, அவற்றைக் கல் நடுமுன்னரே கேட்டல் வேண்டும், செங்குட்டுவன் கேட்டான். வடிவம் கலைஞனுக்கு உரியது. அதன்மேல் நாள்தோறும் கைவைத்துத் திருத்துதல் ஆகாது. அதன்பின் வருவது காத்தல். அது மீண்டும் ஊரார்க்கு உரியது. அதனிலேதான் உகப்பு உண்மையில் அறியப்படும்.

இந்நெறியைக் கொண்டு, முன் நிறுத்தி வைத்த வினாவுக்கு விடை கூறுவோம். வெள்ளையம்மாளின் பெயரைத் தாங்கும் கல் ஒன்று வேண்டும். பெயரின்றி மாய்ந்தோர்க்கு நாம் செலுத்தும் கடன் அது. ஆனால் அது கோபுரத்தின் மேல் அமைதல் கூடாது. சற்று விலகி, வருவோர் நின்று படிக்கும் இடத்தில் அமைதல் வேண்டும். சிலை வேண்டா. மரபு கூறுவதை மரபு கூறுவதாகவே அக்கல் சொல்லுதல் வேண்டும். கோயிலொழுகு கூறும் பிற்காலத்து உயிர்த்துறப்பையும் உடன் குறித்தல் நேர்மை. அச்சொற்களை வரைதற்குத் தமிழ்த்துறைகளும் கல்வெட்டறிஞரும் திருவரங்கத்துப் பெரியோரும் ஒருங்கு கூடுதல் தகும்.

குடமுழுக்கு நிகழுந்தோறும் கோபுரங்களுக்குப் புதுப்பூச்சு வேண்டப்படும். அடுத்த திருப்பணியின்பொழுதும் வண்ணக் கலங்களோடு பணியாளர் கீழைவாயிலுக்கு வருவர். இதற்கு என்ன நிறம் என்று அவர்கள் வினவுங்கால், வெள்ளை என்று விடை கூறுவாரும், ஏன் என்று கேட்பார்க்குக் காரணம் கூறுவாரும் அங்கு இருத்தல் வேண்டும். முன்னையது இதுவரை தவறவில்லை. பின்னையதற்கு ஆவன செய்தல் எம்மனோர் கடமையாகும்.